நிமிர்ந்து நிற்கப் பழகுவோம்

ஊரில் ஆசிரியனாக இருந்த காலத்தில், காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும் மாணவரைப் பார்த்து, "நிமிர்ந்து நில்!" என்று நாள்தோறும் கட்டளையிட்டிருக்கிறேன். அவர்களும் நெஞ்சைத் தள்ளித் தோள்களை இறுக்கி நிற்பர். நான் திரும்பியதும் மீண்டும் கூனுவர். கட்டளையால் முதுகு நிமிராது என்பதை, அகதியாக இலண்டன் வந்து, களஞ்சியசாலை வேலையால் முதுகுநோவுற்று, இயன்மருத்துவர் ஒருவரை நாடியபோதே அறிந்தேன்.

வயிற்றைக் கச்சைபோலச் சுற்றியுள்ள ஆழ்தசை, முள்ளந்தண்டை ஒட்டிய சிறு தசைகள், மேலே பிரிமென்றகடு, கீழே இடுப்பின் அடித்தளத் தசைகள் ஆகிய நான்கும் சேர்ந்தே உடலின் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. இவை வலுவிழந்தால் அப்பாரத்தை வேறு தசைகள் சுமக்க நேர்கிறது. அவை விரைவிற் களைப்படைகின்றன.

இத்தசைகளுக்கான பயிற்சியைப் பரப்பியவருள் முதன்மையானவர் ஜோசப் பிலாற்றீஸ். 1883 இல் ஜேர்மனியிற் பிறந்த அவர், முதலாம் உலகப்போர் மூண்டபோது பிரித்தானியாவில் வாழ்ந்தார். பகைநாட்டவர் என்பதால், ஐல் ஒவ் மான் தீவில், இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் வாழ்ந்த நொக்கேலோ முகாமில் அடைக்கப்பட்டார். அங்கும் அவர் உடற்பயிற்சியைக் கைவிடவில்லை. முகாம் வாழ்வை அறிந்த நம்மவர்க்கு அதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. பின்னர் 1926 இல் நியூயோர்க் சென்று பயிற்சிக்கூடம் அமைத்தார். உடலை மனத்தால் ஆளும் கலை என்னும் கருத்தில், தம் முறையைக் 'கொன்றோலொஜி' என்றார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. எத்தனை முறை செய்தோம் என்பதன்று, எவ்வளவு கவனத்துடன் செய்தோம் என்பதே அதில் முக்கியம்.

வீட்டிற் செய்யத்தக்கவை இரண்டு:

1. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை நிலத்தில் ஊன்றுக. மூச்சை மெதுவாக விட்டவாறு தொப்புளை முள்ளந்தண்டை நோக்கி மென்மையாக உள்ளிழுக்க. மூச்சை அடக்காது 5 விநாடி நிலைத்துத் தளர்த்துக. 10 முறை செய்க.

2. கைகளையும் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னுமாக நீட்டுக. முதுகு வளையாது 5 விநாடி நின்று, மறுபுறம் மாற்றுக. பக்கத்துக்கு 5 முறை போதும்.

நோ ஏற்படின் நிறுத்தி மருத்துவரைக் கேட்க.

சனிக்கிழமைகளில் நோர்பரியில் நம் பிள்ளைகள் புத்தகப் பையின் பாரத்தோடு, கைத்தொலைபேசியை நோக்கிக் குனிந்தபடியே வகுப்புக்கு வருகின்றனர். பெற்றோரே, அவர்களை அதட்டாது, அருகில் ஒரு பாயை விரித்து நீங்களும் செய்யுங்கள். கட்டளையிட்டே பழகிய நானும் இப்போது அவ்வாறே செய்கிறேன்.