ஒன்றுபோல் தோன்றும் டாங்கிகள்

"எதை வைத்துப் பிரித்தாய்?" என்று வகைப்பாடு பாடத்தில் கேட்டால் நிறம், அளவு என்பதோடு மாணவர்கள் நிறுத்திக்கொள்கின்றனர். அதனால் நான் 1971 போரை எடுத்துக்கொள்கிறேன்.

அப்போரில் இந்தியாவிடம் சோவியத் தயாரிப்பான டி-55 டாங்கிகள் இருந்தன. பாகிஸ்தானிடம் சீனாவின் டைப் 59 இருந்தது. அது டி-54-ஐப் பார்த்துச் செய்தது. டி-54-இன் மேம்பட்ட வடிவம்தான் டி-55. ஆகவே இரண்டும் ஒரே குடும்பம். பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள், முதல் இரண்டுக்கும் இடையே அகன்ற இடைவெளி, கவிழ்த்த கிண்ணம் போன்ற மேற்கூடு எல்லாம் ஒன்றே. டைப் 59-இன் மேற்கூட்டில் காற்றுப்போக்கியின் சிறு குமிழ் உண்டு, டி-55-இல் இல்லை. ஆனால் புழுதியில், தொலைவில் அந்தக் குமிழ் எங்கே தெரியும்? தவறாகக் கணித்தால் சொந்த வண்டியையே சுட நேரும்.

இரண்டிலும் புகை அகற்றும் தடித்த உருளை பீரங்கிக் குழலின் நுனியில்தான் இருக்கும். நம் படையினர் டி-55 குழலின் நடுவில் போலி உருளை ஒன்றைப் பொருத்தினர். அதற்கு வேறு வேலையே இல்லை, அடையாளம் காட்டுவது மட்டுமே. மாணவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்!

பிறகு நம் மண்ணுக்கு வருவேன். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதியில் அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. நாட்டிலஸும் அதேபோல் சுருள்தான். மேல் ஓடு தேய்ந்த இடத்தில் தெரியும் தையல்கோடு அம்மோனைட்டில் நெளிநெளியாக மடிந்திருக்கும். நாட்டிலஸில் எளிய வளைவாக இருக்கும். அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, பெயர்ப்பலகையைப் படிக்கும் முன் அந்தக் கோட்டைத் தேடச் சொல்லுங்கள்.