பக்கவாதம் வருவதற்கு 10 ஆண்டுகள் முன்பே மறதி தொடங்குமா? ஆய்வு சொல்வது என்ன?

"வயசாயிடுச்சு, அதான் மறதி" என்று பல வீடுகளில் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் சிலருக்கு அது பின்னால் வரப்போகும் பக்கவாதத்தின் முன்னறிகுறியாக இருக்கலாம்.

ஆய்வில் தெரிந்தது என்ன?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1990 முதல் 2016 வரை 14,712 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. அவர்களில் 1,662 பேருக்கு முதல்முறையாகப் பக்கவாதம் வந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால், இவர்களின் நினைவாற்றலும் அன்றாட வேலைத் திறனும் சுமார் 10 ஆண்டுகள் முன்பிருந்தே வேகமாகக் குறைந்திருந்தன.

காரணம் என்ன?

உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களை மெல்ல மெல்லச் சேதப்படுத்தும். கை, கால் நன்றாக இயங்குவதால் இது வெளியில் தெரியாது.

எதைக் கவனிக்கணும்?

காஞ்சிபுரம் அருகே முசரவாக்கம் போன்ற ஊர்களில், பல வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்த பெரியவர் திடீரென கூலிக் கணக்கில் குழம்பினாலோ, மாத்திரை போட்டதையே மறந்தாலோ அலட்சியம் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

எல்லா மறதியும் பக்கவாதத்தில் முடியாது. ஆனாலும் பிரஷர், சுகர் இரண்டையும் பரிசோதிப்பது அவசியம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பீடி, சிகரெட்டை நிறுத்தணும்.

முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் திடீரென வந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்த அடைப்பால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.