இல்லத்து உயிர்களும் நிழற்படமும்

உடன்வாழ்ந்தாரை இழந்தவிடத்து அவர்தம் உருவைக் கண்முன் நிறுத்திக்கொள்ள விழைதல் மக்கட்கு இயல்பு. அவ்விழைவு மக்களளவில் நின்றுவிடுவதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்ததாகிய 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உளது. அதில் எருமைகளைக் காத்துப் பட்ட வீரனுடன் அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்றது என்பதும் அக்கல்லிலே பொறிக்கப்பெற்றுள்ளன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போர்ச்சேவல் ஒன்றிற்கும் கல் நாட்டியுள்ளனர். உளிகொண்டு பன்னாள் உழைத்துச் செய்த அப்பணியை இன்று கைப்பேசியால் இமைப்பொழுதிற் செய்கின்றோம். எப்பொழுதும் செய்துகொள்ளலாம் என்னும் எண்ணத்தால் செய்யாது விட்டும் விடுகின்றோம்.

அவ்வாறு விட்டவருள் யானும் ஒருவன். கறுப்பன் என்னும் எம் இல்லத்து நாய் 11 ஆண்டுகள் எம்மோடு வாழ்ந்து, சென்ற ஐப்பசி மழைநாட்களில் நோயுற்று இறந்தது. அக்காலை யான் கல்லூரி விடுதியில் இருந்தேன். செய்தி கேட்ட இரவு அதன் படத்தைக் காண விரும்பிக் கைப்பேசியைத் துழாவினேன். நண்பர் படங்களும், கடற்கரைப் படங்களும், உணவு விடுதியில் உண்ட பண்டங்களின் படங்களும் அளவின்றிக் கிடந்தன. கறுப்பன் உள்ள படமோ ஒன்றே. முந்திய ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, சுண்ணம் பூசிய சுவரின்முன் வீட்டார் அனைவரும் நிற்க எடுத்தது அது. அதன் ஓரத்தில் கண்ணும் முகமும் விளங்காத கரிய திரளாய்க் கறுப்பன் காணப்படுகின்றது. படத்திற்கு இடையூறென்று அதனை அப்பால் விரட்டியவனும் யானே.

இவ்வாண்டு விடுமுறைக்குச் சென்றபோது, எஞ்சிய உயிர்களைப் படமெடுக்க என் மனம் ஒருப்படவில்லை. கறுப்பனை எடாதவன் பசுவையும் ஆட்டையும் எடுப்பது அதற்கு இழைக்கும் பிழையெனத் தோன்றிற்று. அதனை உணர்ந்த என் பாட்டியார், “போனதைத்தான் பாராமல் விட்டாய், இருக்கிறதையாவது நன்றாய்ப் பார், ராசா” என்றார். அச்சொல்லைக் கடைப்பிடித்துக் கற்றவற்றுட் சில ஈண்டு விளக்கப்படும்.

முதற்கண், கறுப்பனின் முகம் படத்தில் மறைந்ததன் காரணத்தை ஆராய்ந்தேன். நிழற்படக் கருவி தன்முன்னுள்ள காட்சியின் ஒளியைப் பொதுப்பட அளந்து, அதனை நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவிற்குக் கொணர முயலும் இயல்பினது. வெண்சுவர் காட்சியின் பெரும்பகுதியை நிறைத்தால் ஒளி மிகுதியென்று கருதிக் குறைத்துக்கொள்ளும். அப்போது கரிய உடலின் நுட்பங்கள் இருளில் ஆழும். ஆதலின் கரிய விலங்கை வெண்சுவரின்முன் நிறுத்தலாகாது. வைக்கோற்போரோ செம்மண் தரையோ பின்னிருத்தல் நலம். திரையிலே அவ்விலங்கின் முகத்தை விரலால் தொட்டால் ஒளியளவு அம்முகத்திற்கேற்ப அமையும். படம் முழுவதையும் கரிய உடலே நிறைப்பின் கருவி அதனைச் சாம்பலாக வெளுத்துக் காட்டும். அப்போது ஒளியைச் சிறிது குறைத்தல் வேண்டும். காலையும் மாலையும் வரும் சாய்வொளி மிக நன்று. செயற்கை மின்னொளியோ தீது. நாய், பசு முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்மையின், அவற்றின் கண்கள் பேய்க்கண்போற் பளபளக்கும்.

நிற்க. விலங்கு நம்மை எவ்வாறு காண்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். பசுவின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தமையால், அது ஏறக்குறைய 330 பாகை அளவு சுற்றிலும் காணவல்லது. நேர்பின்னே வருவதை மட்டும் காணாது. ஆகவே பின்புறமாக அணுகாமல், அதன் பார்வையிற் படும்படி பக்கவாட்டில் மெல்லச் செல்லுதல் முறை. ஆட்டின் கருமணி கிடைக்கோடாக நீண்டது. அது குனிந்து மேயுங்கால் கண் தன் குழியிற் சுழன்று, அக்கோடு தரைக்கு இணையாகவே நிற்கும் என்பதை 2015-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இதனைக் காணவிரும்பி யான் பட்டியில் முழந்தாளிட்டுக் குனிந்தேன். அப்பொழுதுதான், விலங்கைப் படமெடுப்போன் அதன் கண்மட்டத்திற்குத் தாழ்தல் இன்றியமையாதது என்று விளங்கிற்று. நின்றபடியே எடுத்த படத்தில் முதுகே மிகும், முகம் குறுகும்.

விலங்கு ஓரிடத்து நில்லாமை மற்றோர் இடர். 1839-இல் டாகேர் முறை வெளியானபோது ஒரு படத்திற்குச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தன. ஓடும் உயிர் அதில் பதிய இயலாது. 1878-இல் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ட்டோவில் மைபிரிட்ஜ் என்பார் 12 கருவிகளை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தினின்று எழும் கணம் உண்டென்று காட்டினார். இன்றைய கருவிகளில் விநாடியின் 500-இல் ஒரு பங்கு எளிதிற் கிட்டும். எனினும் பொறுமைக்கு ஈடு யாதுமில்லை. கோழி நடக்குங்கால் தலையை முன்னே நீட்டி, உடல் வந்து சேருமளவும் தலையை அசையாது நிறுத்துகின்றது. அச்சிறு நிறுத்தத்தை அறிந்தவனுக்கே அதன் முகம் தெளிவாய்க் கிட்டும்.

இவ்வாறு பத்து நாட்கள் எடுத்தேன். எம் செவலைப் பசுவின் வலக்காதிற் சிறு பிளவுண்டு என்பதைப் படத்திலன்றோ முதன்முதற் கண்டேன்! அன்றிரவு என் தங்கை, “கறுப்பனுக்கு எந்தக் காது மடிந்திருக்கும், அண்ணா?” என்று வினவினாள். என்னால் விடையிறுக்க இயலவில்லை. அடுக்களையிலிருந்த அன்னையார், “இடது காது, மழைக்காலத்தில் அதைத்தான் சொறியும்” என்றார். அவர் ஒருநாளும் அதனைப் படமெடுத்தவரல்லர், நாள்தோறும் சோறிட்டவர்.

இதனால் யான் தெளிந்தது இது: நிழற்படம் அன்புடைய பார்வைக்கு மாற்றாகாது; பாராதிருந்த கண்ணைப் பார்க்கப் பழக்கும் ஒரு பயிற்சியாகலாம். கோவிவனின் பெயரைக் கல்லில் நிறுத்தியோர் அந்நாய் செய்ததை அறிந்திருந்தமையால் அன்றோ அவ்வளவு செவ்வனே எழுதினர்! விடுமுறைக்கு இல்லம் ஏகும் நண்பர்காள், உங்கள் வாயிலிற் கிடக்கும் நாயைப் படத்தினின்று விரட்டாதீர்கள். பெயர்சொல்லி அழைத்து, அதன் அருகே முழந்தாளிட்டு, எந்தக் காது மடிந்துள்ளது என்று முதலில் நோக்குங்கள். படம் பின்னர் எடுக்கலாம். ஆயின் நெடுநாள் தாழ்க்க வேண்டா.