உஷார்! சாப்பாட்டோடு வரும் இருமலைப் புகைமேல் போடாதீர்கள்

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் நம் வீடுகளில் உடனே ஒரு கை உச்சந்தலையில் தட்டும். ‘யாரோ நினைக்கிறாங்க’ என்பார்கள். தண்ணீர்ச் சொம்பு நீளும். வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்தச் சொம்புத் தண்ணீரே அவருடைய நுரையீரலுக்குள் இறங்கலாம்.

வடசென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பல வருஷம் கன்னத்தில் மாவாப் புகையிலை அடக்கியவர். 2013-லேயே தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை வந்தது; அதற்குப் பிறகும் அவருக்குப் பொட்டலம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நாக்கில் புற்று வந்தது. ஆபரேஷன் ஆனது. அடுத்து ஆறேழு வாரம் ‘கரண்ட்’ வைத்தார்கள். கதிர்வீச்சை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. கட்டி போய்விட்டது, எல்லோரும் நிம்மதியானோம்.

நாலு வருஷம் கழித்து டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீயில் பொறை தோய்த்துச் சாப்பிட்டார். ஒரு வாய்க்கு மூன்று தடவை தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டுப் பேசினால், குரலோடு தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம். மெலிந்த கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் தொளதொளவென்று நின்றது. “மாசத்துக்கு ரெண்டு தடவ ஜொரம் வருதுப்பா. எல்லாம் இந்தப் பொகையாலதான்” என்றார்.

நம் பகுதியில் ஏமாறுகிற இடம் இதுதான். எண்ணூர்ச் சாம்பல், மணலிப் புகை, விடிய விடிய ஓடும் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி என்று இங்கே இருமுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை யார் மறப்பார்கள்? புகைமேல் நமக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் புகை இருமலுக்குச் சாப்பாட்டு வேளை தெரியாது. தட்டில் கை வைத்ததும் வருகிற இருமல், டீ குடித்தால் வருகிற கமறல், அடிக்கடி திரும்பும் காய்ச்சல், மார்புச் சளி இதெல்லாம் வேறு கதை.

நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரு நொடி வேலை. கரண்ட் பட்ட தசை, கடல்தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்த வடம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துப்போகும். சிகிச்சை முடிந்து ஐந்து, பத்து வருஷம் கழித்தும் இது ஆரம்பிக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பி வற்றியிருந்தால் இட்லியே தொண்டையில் ஒட்டும். மூடாத வாசல் வழியாகச் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்கும், நிமோனியா வரும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. தொண்டையின் உணர்வு மங்கிவிட்டால் இருமலே வராது. புரையேறாமலே உள்ளே போகும். ‘இப்பல்லாம் அவருக்கு இருமல் இல்ல, நல்லா இருக்காரு’ என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் முற்றும். எடை குறைவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணிக்கு மேல் ஆவது, விழுங்கிய பின் குரல் ஈரமாக ஒலிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். புதிதாக விழுங்கமுடியாமல் போனால், புற்று திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் கைவைத்தியம். இவர்கள் விஷயத்தில் அது தவறாகப் போகலாம். கஞ்சித் தண்ணீர் வேகமாக ஓடும், பருக்கை பின்தங்கும். பலவீனமான தொண்டைக்கு இரண்டையும் சமாளிக்க முடியாது. சிலருக்குக் கெட்டியான கூழ் சுலபமாக இறங்கும். வேறு சிலருக்கு அதே கூழ் தொண்டையில் தங்கிவிடும். பயந்துபோய் வாயால் சாப்பிடுவதையே நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து, வேலை இல்லாத தசை இன்னும் சோர்ந்துவிடும்.

சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரிக்கே பழைய ஃபைலோடு போங்கள். பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. “ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்கணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் அவர்கள்தான் பயிற்சி தருவார்கள். சளிக்கு டி.பி. டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எடுங்கள், ஆனால் “தொண்டைக்குக் கரண்ட் வெச்சிருக்காங்க” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அப்படியே. கரண்ட் பட்ட தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். தினமும் வாயைச் சுத்தமாக வைத்திருங்கள், அழுக்கு வாயிலுள்ள கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது.

இனிமேல்தான் கரண்ட் வைக்கப்போகிறவர்களா? முதல் நாளுக்கு முன்பே பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இன்று நுழைவது அடுத்த மாதம் நுழையாவிட்டால் தாடை இறுகுகிறது என்று அர்த்தம்.

அண்ணனை நான்தான் அழைத்துப்போனேன். பேரியம் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். திரையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு உணவுக்குழாயை விட்டு விலகி, மூச்சுக்குழாயில் வழிந்தது. அவர் இருமவே இல்லை. “சரியா முழுங்கிட்டேனா?” என்று கேட்டார்.

இப்போது டீயைக் கெட்டியாக்கி, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கிறார். அது அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு அவருக்குச் சொன்ன முறை. உங்கள் வீட்டில் இருப்பவருக்குப் பரிசோதனை செய்யாமல் அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.