மாடிச் செடிகளுக்கு மூடாக்கு

நாம் நட்டதிலிருந்து ஒரு பறவை உண்டாலும் அது நமக்கு ஸதகா என்பது புகாரியில் பதிவான நபிமொழி. ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னையில் குடிக்கவே லாரித் தண்ணீர். செடிக்கு எங்கே போவது?

தொட்டி மண்ணை மூடி வைத்தால் ஊற்றிய நீர் கூடுதல் நாள் நிற்கும். இந்த மூடாக்குக்குக் காசு வேண்டியதில்லை. அடையாறு தெருக்களில் உதிரும் சருகு, மயிலாப்பூர் தேங்காய்க் கடைகளில் உரித்துப் போடும் நார், தி.நகர் வண்டிகளின் கரும்புச் சக்கை, எல்லாம் உதவும். (குப்பைதானே என்று அள்ளாமல் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.)

நாரில் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்து அலச வேண்டும். சக்கை நன்கு காயாவிட்டால் எறும்பு மொய்க்கும். இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி இரு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகிவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் பாதியை எடுத்துவிடலாம்.