போர் கண்ட தலை



1951ஆம் ஆண்டில் வெளிவந்த 'மர்மயோகி' என்னும் திரைப்படத்தில் மன்னனின் ஆவி உலவும் காட்சிகள் உண்டு. அவற்றின் பொருட்டு, 'வயது வந்தோர் மட்டுமே காணலாம்' என்னும் சான்றிதழை அப்படம் பெற்றது. இதனை நினைக்குந்தோறும் எனக்கு நகைப்பு உண்டாகும். ஏனெனில், அதனினும் அச்சம் விளைக்கும் காட்சியை, எவ்விதச் சான்றிதழும் இன்றிப் பாட்டியின் மடியில் சாய்ந்தவாறே நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன்.

மேற்கே கல்வராயன் மலை நீல நிறமாய்த் தோன்றும் கள்ளக்குறிச்சிச் சீமையில் எங்கள் ஊர் உள்ளது. அங்கே திரௌபதியம்மன் கோயில் திடலில் நடைபெற்ற அரவான் களப்பலித் தெருக்கூத்தே நான் கூறும் காட்சி. முகவீணை அலற, மத்தளம் அதிர, அரவான் தன் உடலின் முப்பத்திரண்டு இடங்களில் தசையை அரிந்து காளிக்கு இடுவான். பொழுது விடிந்தபின் பார்த்தால், பிதுங்கிய விழியும் முறுக்கிய மீசையுமாக அவனுடைய பெருந்தலை எம்மை நோக்கிக்கொண்டிருக்கும். அதன்பின் பல நாள் அவ்வழியே நான் தனித்துச் சென்றதில்லை.

யார் இந்த அரவான்? அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். பாரதப் போரில் வெற்றி வேண்டுமாயின், முப்பத்திரண்டு இலக்கணங்களும் அமைந்த ஒருவனைக் களத்தில் பலியிட வேண்டும் என்றனர். பாண்டவர் பக்கத்தில் அத்தகையோர் மூவரே: கண்ணன், அருச்சுனன், அரவான். முன்னிருவரையும் இழக்க யாருக்கும் மனம் இல்லை. இளையவன் தானே முன்வந்தான். எனினும் அவன் வரங்கள் கேட்டான். தலை துணிந்த பின்னும் போரைக் காண வேண்டும் என்பது ஒன்று. இறக்குமுன் மணம் புரிய வேண்டும் என்பது மற்றொன்று. மறுநாள் மாளப்போகிறவனுக்கு மகளைத் தருவார் யார்? ஒருவரும் முன்வராமையால், கண்ணனே மோகினி வடிவெடுத்து அவனை மணந்தான். பொழுது புலர்ந்ததும் கைம்பெண்ணாக அழுதான்.

இக்கதை வளர்ந்த வரலாறு வியப்புக்குரியது. வடமொழிப் பாரதத்தில் இராவான் எனப்படும் இவன் பலியாவதில்லை. எட்டாம் நாட் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மாள்கிறான். களப்பலிச் செய்தியை ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே நாம் காண்கிறோம். பின்னர் வில்லிபுத்தூராரும் அதனைப் பாடினார். மோகினி மணமோ மக்களின் வாய்மொழியிலும் கூத்திலும் தழைத்தது.

தமிழ்நாட்டில் களப்பலி இடம்பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு எனக் கருதுகிறேன். கொற்றவையின் முன் தன் தலையைத் தானே அரிந்து தரும் வீரர்களை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தின் உட்சுவரில், தேவியின் அடியில் மண்டியிட்டுக் கழுத்தை அறுக்க முனையும் ஒருவனை இன்றும் காணலாம். பழகிய அந்த உருவத்தோடு பாரதக் கதை இணைந்தது இயல்பே.

உயிருள்ள தலை என்னும் கற்பனை நமக்கு மட்டும் உரியதன்று. இராசத்தானத்தில் பார்பரிகனின் தலை குன்றின்மேலிருந்து பாரதப் போரைக் கண்டதாகக் கூறுவர். வேல்சு நாட்டுப் பழங்கதையில் பிரான் என்னும் மன்னனின் துணிந்த தலை பல்லாண்டுகள் தோழர்களோடு உரையாடுகிறது. நம் அரவானோ கடலும் கடந்தான். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அவன் தலை வழிபடப்படுகிறது.

இனி, இக்கதை இன்றும் உயிரோடு நடமாடும் இடத்திற்கு வருவோம். அது உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம். சித்திரைத் திருவிழாவிற்காக நாட்டின் பல திசைகளிலிருந்தும் திருநங்கையர் அங்கே கூடுவர். தம்மை மோகினியாகக் கருதி, பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்வர். இரவெல்லாம் ஆடலும் பாடலும் நிகழும். மறுநாள் கூத்தாண்டவர் தேர் அழுகளம் சென்றதும் தாலி அறுபடும், வளையல் உடையும், மாரடித்து அழும் ஓசை வயல்வெளியெங்கும் பரவும். பின்னர் நீராடி வெள்ளைப் புடைவை உடுத்துப் பிரிவர்.

மாணவப் பருவத்தில் தோழர்களுடன் நான் அங்கே சென்றது வேடிக்கை பார்க்கவே. முதல் நாள் மாலை அவர்களைக் கண்டு நாங்கள் கேலி பேசிச் சிரித்தோம். மறுநாள் காலையில் முதியவர் ஒருவர், உடைந்த வளையல்களின் நடுவே அமர்ந்து, "எனக்காக அழ யார் இருக்கிறார்கள்?" என்று புலம்பியதைக் கேட்டேன். என் சிரிப்பு அன்றோடு நின்றது. வீட்டாரும் ஊராரும் ஒதுக்கியவர்கள், ஒருவரும் மணக்க இசையாத ஒருவனைத் தம் கணவனாகக் கொண்டனர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

2008ஆம் ஆண்டில் தமிழக அரசு, நாட்டிலேயே முதலாவதாக, திருநங்கையர்க்கு ஒரு நலவாரியம் அமைத்தது. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று, அடிப்படை உரிமைகள் அவர்க்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. சட்டம் வழி திறந்துவிட்டது. ஆயினும் வகுப்பறையில் அருகில் அமரும் ஒருவரை நகையாடுவதா, நட்புக் கொள்வதா என்பதைச் சட்டம் வந்து முடிவு செய்யாது. அது உங்களிடமே உள்ளது.

இளமையில் என்னை அச்சுறுத்திய அத்தலையை இப்போது கண்டால் எனக்கு அச்சம் வருவதில்லை. பதினெட்டு நாளும் இமையாது போர் கண்ட அவ்விழிகள், கூவாகத்தில் நாம் ஒருவரையொருவர் நடத்தும் முறையையும் காண்கின்றனவோ என்று நினைத்துக்கொள்கிறேன்.