அங்கே ஓடும் புரோகிராம் இங்கே ஏன் ஓடவில்லை?

புதிய கம்ப்யூட்டரில் கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்து இயக்குகிறீர்கள். அது திறக்காமல், விசிரன்டைம்140.டிஎல்எல் என்ற பைல் இல்லை எனப் பிழைச் செய்தி கிடைக்கிறது. அதே கேம் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ எனப் பயப்பட வேண்டாம்.

விண்டோஸ் புரோகிராம்கள் பல, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் கொண்டு எழுதப்படுகின்றன. இவற்றுக்குப் பொதுவாகத் தேவைப்படும் செயல்பாடுகள் தனி டி.எல்.எல். பைல்களில் இருக்கும். எழுதியவரின் கம்ப்யூட்டரில் இவை இருப்பதால் புரோகிராம் அங்கே இயங்கும். உங்களிடம் இவை இல்லாவிட்டாலோ, பழைய பதிப்பு இருந்தாலோ நின்றுவிடும். எடுத்துக்காட்டாக, விசிரன்டைம்140_1 என்ற பைல் 2019 பதிப்புடன் வந்தது. 2015 பதிப்பு மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் இது இருக்காது.

பைல் பெயரில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். 100 எனில் 2010 பதிப்பு. 110 எனில் 2012. 120 எனில் 2013. 140 எனில் 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகள். இவை அனைத்திற்கும் ஒரே தொகுப்பு போதும்.

இணையத்தில் தேடினால், அந்த ஒரு பைலை மட்டும் இலவசமாகத் தருவதாகப் பல தளங்கள் காட்டப்படும். அங்கே டவுன்லோட் செய்யாதீர்கள். அது எந்தப் பதிப்பு என்று தெரியாது. வைரஸும் சேர்ந்து வரலாம்.

சரியான வழி இதுதான்:

1. மைக்ரோசாப்ட் தளத்திற்குச் சென்று, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பினைத் தேடவும். இது இலவசம்.

2. எக்ஸ்86 என்பது 32 பிட் புரோகிராம்களுக்கு. எக்ஸ்64 என்பது 64 பிட் புரோகிராம்களுக்கு. 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் புரோகிராம்கள் இயங்குவதால், இரண்டையும் இன்ஸ்டால் செய்திடவும்.

3. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கேமை மீண்டும் இயக்கிப் பார்க்கவும்.

செட்டிங்ஸ் பிரிவில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்தால், இதே பெயரில் 2010, 2012, 2013 எனப் பல வரிகள் இருக்கலாம். ஒன்று போதுமே என்று மற்றவற்றை நீக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் நம்பி ஏதேனும் ஒரு புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கக்கூடும்.